‘கொரோனா பேட்ச்’ என்னும் ஏளனம்

2021 நவம்பரில் மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இணையவழியில் பாடம் நடத்திவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் எழுதச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். சோம்பேறிகள், காப்பியடிக்கத் துடிப்பவர்கள் என்று பொதுப்புத்தி உடனே தீர்ப்பெழுதியது. நேரடித் தேர்வுதான் என்றார் அமைச்சர் பொன்முடி. மூன்றாம் அலை வந்ததும், 2022 பிப்ரவரி 1 முதல் தேர்வுகள் இணையவழிக்கு மாறின. ஏளனம் மட்டும் மாறவில்லை. அவர்கள் இன்றும் ‘கொரோனா பேட்ச்’தான்.

அவர்கள் இணையத்தை விரும்பியா ஏற்றார்கள்? செஞ்சிக்கு வடக்கே எங்கள் சீயமங்கலம் பக்கம் வீட்டுக்கு ஒரே செல்பேசி. அப்பா அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் அன்று பிள்ளைக்கு வகுப்பு இல்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறத்தில் கணினி இருந்த குடும்பங்கள் 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. நிலமும் மாடிவீடும் ஊரில், கூலியும் ஒற்றை அறையும் சேரியில் என்றிருக்கும் நாட்டில் இந்த எண்களுக்கும் சாதி உண்டு. 2021 ஜனவரியில் தமிழக அரசு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்லதுதான். ஆனால் டேட்டா கார்டு தனி அறையைத் தராது.

மாணவர்கள் எல்லா இணையத் தேர்வையும் ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் கேமரா வழியே கண்காணித்துத் தேர்வு நடத்தியது. பலரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்து, மறுதேர்வு நடத்த நேர்ந்தது. ஒற்றை அறை வீட்டில் தம்பி குறுக்கே நடந்தாலும், அம்மா கூப்பிட்டாலும் அந்தக் கேமராவுக்கு அது முறைகேடு. 2022 தேர்வு வேறு வகை: வினாத்தாளைத் தரவிறக்கி, தாளில் எழுதி, விடைத்தாளை அனுப்ப வேண்டும். இரவல் செல்பேசி சிறிது நேரம் கிடைத்தாலே எழுதிவிடலாம். முன்னது வறுமையைச் சந்தேகித்தது. பின்னது அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. மாணவர்கள் தேர்ந்தெடுத்தது இந்த வேறுபாட்டைத்தான்.

‘கோட்டாவில் வந்தவன்’ என்ற அதே வாய்தான் ‘கொரோனா பேட்ச்’ என்கிறது. இரண்டிலும் பேசுவது ‘தகுதி’. யாருக்கு என்ன வசதி இருந்தது என்ற கேள்வியை இரண்டுமே மறைக்கின்றன.

பெருந்தொற்று போய்விட்டது, இணையக் கல்வி போகவில்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ வழியே படிக்க 2021இலேயே யூஜிசி அனுமதித்துவிட்டது. இனி எந்தக் கல்லூரி அப்படி ஒரு பாடத்தைக் கொண்டுவந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியவை: கணினி யார் தருவார்? உட்கார்ந்து படிக்க இடம் எங்கே? புரியாததை யாரிடம் கேட்பது? இவற்றுக்குப் பதில் சொல்லாத நிர்வாகம் மாணவர்களின் தகுதியை அளக்க வர வேண்டாம்.