விருந்தாளியின் பர்ஸ்

போன டிசம்பரில் நடந்தது இது.

பாரிஸிலிருந்து என் அக்கா மகள், இரண்டு வயதுக் குழந்தையோடு புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா குடும்பம் அங்கே போய் முப்பத்தைந்து வருஷமாகிறது. இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். கையில் இருப்பது பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ஆனால் ரசம் இல்லாமல் சாப்பாடு இறங்காது!

வந்த மூன்றாம் நாள் ராத்திரி. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்த நேரம், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. மேளச் சத்தத்தில் அவள் போன் செய்தது எனக்குக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடியிருக்கிறாள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, குழந்தைக்கு டயாபர் ஒரு கட்டு. முந்நூறு ரூபாய்க்குள்தான்.

கார்டை நீட்டினால், "மெஷின் இல்லீங்கம்மா. ஸ்கேன் பண்ணிடுங்க" என்று கடைக்காரர் அட்டையைக் காட்டியிருக்கிறார். அவள் போனில் அதற்கு வழி இல்லை. பர்ஸில் இருந்தது ஒரு நூறு யூரோ நோட்டு. அதை அவர் என்ன செய்வார்?

நல்ல மனுஷர். "முதல்ல குழந்தையப் பாருங்கம்மா. காசு நாளைக்குக் குடுத்தாப் போச்சு" என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் விடிவதற்குள் குழந்தை தெளிந்துவிட்டது.

ஆனால் தாய் தெளியவில்லை. காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சித்தி, அங்கே நான் வேலைக்குப் போறேன், சம்பாதிக்கிறேன். இங்கே ஒரு இளநீர் குடிக்கணும்னாலும் உங்களைக் கேக்க வேண்டியிருக்கு. ராத்திரி கடையில நின்னப்போ அழுகையே வந்துடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு சாமானுக்கும் கை நீட்டிக் கேட்கிற சங்கடம் நமக்குத் தெரியாததா, சகோதரிகளே? வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகை தனியாகக் கைக்கு வந்த பிறகுதானே நம்மில் பலருக்கு நிமிர்ந்து நிற்கவே முடிந்தது! விருந்தாளிக்கு மெத்தை போட்டோம், மீன் குழம்பு வைத்தோம். அவளுக்கென்று ஒரு பர்ஸ் வேண்டுமே என்று யோசிக்கவில்லை.

அப்போது எனக்குத் தோன்றிய வழி என்ன தெரியுமா? என் போனையே அவள் கையில் கொடுத்து, ரகசிய எண்ணையும் சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பீரோ சாவியை வாசல்ல மாட்டி வச்சுட்டு வந்துடு!" என்றார். கோபத்தில் சொன்னாலும் நியாயம்தான். அந்த எண் தெரிந்தவர் கையில் போன் இருந்தால் நம் வங்கிக் கணக்கே அவர் கையில் இருப்பதுபோல. அக்கா மகளிடம் பயமில்லை; ஆனால் கடைக்கூட்டத்தில் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவன் யாரோ!

ஏன் அவள் போனில் முடியவில்லை?

நாம் எந்தப் பெயரில் எந்த ஆப்பை வைத்திருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான்: யு.பி.ஐ. நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2016-ல் கொண்டுவந்தது. கடையில் ஒட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைச் சதுரம் வெறும் விலாசம்தான். 'பணம் இந்தக் கணக்குக்குப் போக வேண்டும்' என்று போனுக்குச் சொல்கிறது. பணம் புறப்படுவது நம் வங்கிக் கணக்கிலிருந்து. அதனால்தான் பூ விற்கிற அம்மாவும் மெஷின் எதுவும் வாங்காமல் ஓர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடிகிறது.

ஆனால் இந்தியாவில் கணக்கே இல்லாத வெளிநாட்டுக்காரருக்குப் பணம் எங்கிருந்து புறப்படும்? பெரிய கடை, ஓட்டலில் அவர்கள் கார்டு செல்லும். தெருமுனையில்தான் தவிப்பு.

இந்தத் தவிப்புக்கு ஒரு வழி இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜி-20 மாநாட்டுக்கு நம் நாடு தலைமை வகித்த சமயம், 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதற்கு அனுமதி கொடுத்தது. முதலில் ஜி-20 நாட்டுக்காரர்களுக்கு மட்டும், பெங்களூரு, மும்பை, டில்லி விமான நிலையங்களில் ஆரம்பித்தார்கள். 2024-ல் மற்ற நாட்டுக்காரர்களுக்கும் விரிவாக்கினார்கள். 'யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு' என்று பெயர்.

விஷயம் ரொம்ப எளிது. வங்கிக் கணக்குக்குப் பதில் போனுக்குள் ஒரு பர்ஸ். நம் ஊர் உண்டியல் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். முதலில் பணத்தைப் போட வேண்டும். போட்ட அளவுக்குத்தான் எடுக்க முடியும்.

பதினைந்து நாள் கழித்து அவள் கணவர் டில்லி வழியாக வந்தார். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மனுஷர் விமான நிலையத்திலேயே அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து அவர்தான் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அக்கா மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் வீட்டுக்கும் யாராவது வருகிறார்களா?

அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லிவையுங்கள்:

1. பாஸ்போர்ட்டும் விசாவும் நேரில் காட்டினால்தான் இந்தப் பர்ஸ் கிடைக்கும். எல்லா விமான நிலையத்திலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இறங்குகிற ஊரில் எங்கே கொடுக்கிறார்கள் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

2. வெளிநாட்டுப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தோ, கார்டு மூலமோ ரூபாயாகப் போட்டுக்கொள்ளலாம். மாற்று விகிதம் என்ன, கட்டணம் என்ன என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. எந்த நேரத்திலும் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

3. இது கடைகளுக்குக் கொடுக்க மட்டும் என்றுதான் அனுமதி. வியாபாரக் கணக்காக இல்லாமல் சொந்தக் கணக்கின் அட்டையை வைத்திருக்கும் ஆட்டோக்காரருக்கோ, காய்காரருக்கோ போகாமல் நின்றுவிடலாம். ஆகவே பத்து, இருபது, ஐம்பது நோட்டாக ஓர் ஐந்நூறு ரூபாய் தனியே இருக்கட்டும்.

4. போனில் இன்டர்நெட் இருந்தால்தான் வேலை செய்யும்.

5. ஊர் திரும்பும்போது மிச்சப் பணம் வீணாகாது. வெளிநாட்டுப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது வந்த வழியிலேயே திருப்பிவிடலாம்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருந்தாலும் இங்கே என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருக்கும் உறவினருக்கு இந்தப் பர்ஸே தேவைப்படாது. குறிப்பிட்ட சில நாடுகளில் இருப்பவர்கள் அந்த நாட்டுப் போன் எண்ணை வைத்தே யு.பி.ஐ. பயன்படுத்த 2023-லிருந்து வழி செய்திருக்கிறார்கள். அவர்களுடைய வங்கியைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஜாக்கிரதை!

புதிதாக வருபவர்களுக்கு நம் ஊர்த் தந்திரங்கள் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்ததும் போனில் வருகிற பெயரைக் கடைக்காரரிடம் ஒரு தரம் கேட்டுவிட்டு அப்புறம் பணம் போடட்டும். அசல் அட்டைமேல் வேறு அட்டையை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிட வேண்டும். பணம் கொடுக்கத்தான் அந்த எண். வாங்க வேண்டியதே இல்லை. இது நமக்கும் சேர்த்துத்தான்! ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தவிப்பு நம் ஊருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சீனாவிலும் கடைக்குக் கடை ஸ்கேன்தான். அங்கே 2023 ஜூலையில் அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டுக் கார்டை இணைத்துக்கொள்ள வழி விரிவாக்கினார்கள். 200 யுவான் வரை வாங்கினால் கட்டணமில்லை, அதற்கு மேல் 3 சதவீதம் என்று வைத்தார்கள். டீயும் நூடுல்ஸும் வாங்குகிற ஏழை எளிய கடைகளை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!

மருந்துக் கடைக்காரருக்கு மறுநாள் காலையே பணம் கொடுத்துவிட்டோம். அக்கா மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, பாரிஸிலிருந்து கொண்டுவந்த சாக்லெட் டப்பா ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார்.

போனுக்குள் பர்ஸ் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்த ராத்திரி குழந்தையைக் காப்பாற்றியது 'நாளைக்குக் குடுத்தாப் போச்சு' என்ற ஒரு வார்த்தை. அப்படிப்பட்டவர் எல்லாத் தெருவிலும் இருப்பார் என்று சொல்ல முடியாதே! அதனால்தான் சொல்கிறேன்: இனிமேல் விருந்தாளிக்குப் படுக்கை தயார் செய்யும்போது, அவர்கள் பர்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.