ஓதுகிற பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு ஷவ்வால் மாதத்தில், தந்தை ஒருவர் தம் மகனை எங்கள் மதரஸாவில் சேர்ப்பதற்காக அழைத்து வந்தார். பள்ளி இறுதித் தேர்வை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருந்த பிள்ளை. மாவட்ட அளவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பரிசு பெற்றவன் என்று பெருமையுடன் கூறிய அத்தந்தை, "ஹஜ்ரத், இங்கே பிள்ளைகள் ஓடியாட மைதானம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். சேர்க்கைப் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே நான் சொன்ன பதில்தான் இக்கட்டுரையின் தலைப்பு. தந்தை சிரித்து வைத்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலைக்குள் நான் அதை மறந்துவிட்டேன்.

இவ்வாண்டில் ஒரு நாள் மஃரிப் தொழுகையின்போது, அதே மாணவர் அத்தஹிய்யாத்தில் அமர்வதற்குக் காலை மடக்க இயலாமல் முகம் சுளிப்பதைக் கண்டேன். தொழுகை முடிந்ததும் அறைக்கு அழைத்து விசாரித்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, சர்க்கரை நோயால் அத்தாவின் கால் விரல்கள் இரண்டு அகற்றப்பட்டிருந்தனவாம். அந்தத் தந்தைக்கு வயது ஐம்பது கூட நிறையவில்லை. அதே மருத்துவர் மகனுடைய இரத்தத்தையும் பரிசோதித்துவிட்டு, நோய் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள் என்று கூறியிருக்கிறார். மதரஸாவில் சேர்ந்த பின் பதினொரு கிலோ கூடியிருந்தது. இருபது வயதுப் பிள்ளை! பயந்துபோனவர், திரும்பி வந்த மறுநாளே பஜ்ரு தொழுதுவிட்டு ஏரிக்கரையில் ஓடத் தொடங்கியிருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிய அதே ஐந்து கிலோமீட்டர், ஏறக்குறைய அதே வேகம். ஒன்பது நாட்கள் விடாமல் ஓடினார். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் நெருப்பாக எரிந்தது.

"முதல் மூன்று நாட்கள்தான் மூச்சு வாங்கியது ஹஜ்ரத். பிறகு பழகிவிட்டது. கால்தான் ஏமாற்றிவிட்டது. இனி இதை விட்டுவிடுகிறேன். ஓதுகிற பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று தாங்கள் அன்றே சொன்னீர்கள்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உஸ்தாதின் சொல் என்று மதித்தே சொன்னார். அதனால்தான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். எலும்பு முறிவு இல்லை; எலும்பை ஒட்டிய திசுக்கள் அதிர்ச்சி தாங்காமல் புண்பட்டிருக்கின்றன, மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார். அல்ஹம்துலில்லாஹ், பெரிய ஆபத்து இல்லை.

அந்த நாட்களில்தான், பலமுறை பாடம் நடத்திய ஒரு ஹதீஸ் எனக்குப் புதிதாகப் புலப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பயிற்றுவித்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை எல்லை. முன்னது ஐந்து அல்லது ஆறு மைல், பின்னது ஒரு மைல் என்று சுஃப்யான் (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைத் தொழுகைப் பாடத்திலும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு பள்ளிவாசலை இன்ன கூட்டத்தாரின் பள்ளி என்று அழைக்கலாமா என்ற சட்டத்திற்கு அதில் ஆதாரம் இருக்கிறது. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுவோம். குதிரைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை!

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு அது என்று எண்ணிப் பாருங்கள். பழகாத குதிரையைப் பந்தயத்திற்கு லாயக்கற்றது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒதுக்கவில்லை. அதற்கும் ஓட்டம் உண்டு. ஆனால் ஆறு மைல் அன்று, ஒரு மைல்.

நம் மாணவர் செய்த பிழை இங்கேதான். அவர் தம்மை ஹஃப்யாவிலிருந்து புறப்படும் குதிரையாக எண்ணிக்கொண்டார். ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்தாம். இடையில் மூன்றாண்டுகள் சப்பணமிட்டு அமர்ந்திருந்ததை மறந்துவிட்டார்.

உடற்கூறு பற்றி மருத்துவர் சொன்ன ஒரு செய்தியைப் பெற்றோர் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டத்தை நிறுத்தியவர் மீண்டும் தொடங்கும்போது இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே நன்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் அப்படியல்ல. அவை உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். புதிதாக ஓடுகிறவனுக்கு மூச்சு முட்டுவதால் அவன் தானாகவே நின்றுவிடுகிறான். முன்பு ஓடியவனுக்கோ மூச்சு இடம் கொடுக்கிறது, பழைய வேகம் நினைவில் இருக்கிறது; எலும்பு மட்டும் தயாராக இல்லை. ஆகவே ஒருகாலத்தில் நன்றாக ஓடியவனே திரும்பி வரும்போது அதிகம் அஞ்ச வேண்டியவன்.

மாணவப் பருவத்தில் உடல் ஏன் இப்படித் தளர்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மதரஸாவாகட்டும், கல்லூரியாகட்டும், நாள் முழுதும் குனிந்த இருப்பு. இரவு நெடுநேரம் கண் விழித்தல். விழிப்பதற்குத் தேநீர், தேநீருக்குத் துணையாக ஒரு வடை, பத்து மணிக்கு மேல் பசித்தால் கடைவீதியில் பரோட்டா. ஐவேளைத் தொழுகையே போதுமான உடற்பயிற்சிதானே என்று சிலர் கேட்கிறார்கள். நானும் பல காலம் அப்படிப் பேசியவன்தான். தொழுகை வணக்கம். அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது தொழுகைக்கும் மரியாதையன்று, உடலுக்கும் போதுமானதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வயது வந்தோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்போ, 75 நிமிடம் கடுமையான உழைப்போ மேற்கொள்ள வேண்டும் என்கிறது. பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். நம் விடுதிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது? உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸை மேடையில் முழங்கும் நாங்கள், அதற்கான நேரத்தைக் கால அட்டவணையில் வைத்ததில்லை.

மூன்று வாரம் கழிந்ததும் மாணவருடன் நானும் ஏரிக்கரைக்குச் சென்றேன். கல்லூரியில் இளங்கலை படித்த காலத்திற்குப் பின், பேருந்தைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் ஓடியவன் அல்லன். நாற்பத்து நான்கு வயதும் சற்று முன்னே செல்லும் வயிறும் உடையவன் என்பதால், புறப்படுமுன் மருத்துவரிடம் என்னையும் சோதித்துக்கொண்டேன். ஏற்கெனவே நோயுள்ளவர்களும் நடுவயதைக் கடந்தவர்களும் இதைத் தவிர்க்கலாகாது.

முதல் வாரம் விறுவிறுப்பான நடை மட்டும். வலி திரும்பவில்லை என்று உறுதியான பின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்து முறை. ஆக அரை மணி நேரம். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்றே நாட்கள். இடையிலுள்ள ஓய்வு நாளில்தான் எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது என்பதால் அதில் கை வைக்கக்கூடாது. தார்ச்சாலையை விட்டுக் கரையின் மண்பாதையில் ஓடினோம். தேய்ந்துபோன பழைய காலணியை எறிந்துவிட்டு அவருக்கு வேறொன்று வாங்கினோம். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை மருத்துவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அஸருக்குப் பின் செய்வார்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஓடிக்கொண்டே பக்கத்திலிருப்பவருடன் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. முந்தின நாள் சபக்கை அவர் ஒப்புவித்துக்கொண்டே ஓடுவார். வார்த்தை தடுமாறினால் பாடம் வரவில்லையா, மூச்சு வரவில்லையா என்று கேட்பேன். பெரும்பாலும் பாடம்தான்!

நான்காம் வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இது ஓட்டமே இல்லை ஹஜ்ரத், கிழவர்கள்கூட நம்மைத் தாண்டிப் போகிறார்கள்" என்று சலித்துக்கொண்டார். அப்போது ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். ஒட்டகங்களைக் கொள்ளையிட்டுச் சென்றவர்களைக் கால்நடையாகவே துரத்தி மீட்ட மாவீரர் அவர். மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவராலும் முந்த முடியாத அன்சாரித் தோழர் ஒருவர் பந்தயத்திற்கு அறைகூவல் விடுத்தார். ஸலமா (ரலி) அவர்கள் நாயகத்திடம் அனுமதி பெற்று வாகனத்திலிருந்து குதித்தார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் பாயவில்லை. மூச்சைக் காத்துக்கொள்வதற்காக ஒன்றிரண்டு மேடுகள் கடக்கும்வரை தம்மைத் தாமே கட்டுப்படுத்தினார்கள். அதன்பின் விரைந்து சென்று எட்டிப் பிடித்து, அவரை முந்தி மதீனாவை அடைந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது விரிவாக இருக்கிறது. அவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கே முதல் இரண்டு மேடுகளில் கடிவாளம் தேவைப்பட்டது என்றேன். மாணவர் மறுபேச்சின்றி நடந்தார்.

அரையாண்டுத் தேர்வு வந்தபோது அடியோடு நிறுத்திவிடலாம் என்றார். வேண்டாம், மூன்று நாளை இரண்டாக்கு, அரைமணியை இருபது நிமிடமாக்கு என்றேன். முழுதாக விட்டவன் மீண்டும் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்க்கிறான். பழைய விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. ஓடிய நாட்களில் இரவு பத்தரைக்கே உறக்கம் வந்துவிடுகிறது, ஆகவே பரோட்டாக் கடைக்குப் போக வாய்ப்பில்லை என்று சிரித்தார்.

இப்பகுதியை வாசிக்கும் தாய்மார்கள், இதெல்லாம் ஆண்பிள்ளைகள் விஷயம் என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நாயகத்துடன் ஓட்டப் போட்டி வைத்து முந்தினார்கள். பின்னொரு காலத்தில், உடல் சதை போட்டிருந்த நிலையில், மீண்டும் போட்டி நடந்தது. இம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று கூறிச் சிரித்தார்கள். இடையில் உடல் மாறியிருந்தது. அதற்காக எவரும் நாணவில்லை, ஓட்டமும் நின்றுபோகவில்லை. நம் பெண்பிள்ளைகளோ பருவமெய்திய நாளோடு ஓட்டத்தை மூட்டை கட்டிவிடுகிறார்கள். என் மகள் பத்தாம் வகுப்பு மாணவி. மொட்டை மாடியில் அரைமணி நேரம் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருகிறாள். கீழ்வீட்டு மாமி, கூரை அதிர்கிறது என்று இருமுறை புகார் செய்துவிட்டார்கள். இப்போது வெறுங்காலை விட்டு மெத்தென்ற காலணி அணிகிறாள். மாமியும் மாலையில் மேலே வந்து நடக்கிறார்கள்.

ஓட்டம் வேண்டாத ஓரிடமும் உண்டு. இகாமத் சொல்லும் ஓசை கேட்டதும் தடதடவென்று ஓடிவந்து ருகூவைப் பிடிப்பது. அமைதியாக நடந்து வருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த இடம் அது. ஆண்டு முழுவதும் அசையாத பலர் அங்கே மட்டும்தான் ஓடுகிறார்கள்!

மாணவர் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம், சென்ற வியாழக்கிழமை. கரையின் மதகிலிருந்து அரசமரம் வரை ஒரு மைலுக்குச் சற்று மேல் இருக்கும். அதை அவர் இடையில் நடக்காமல், வலியில்லாமல் ஓடி முடித்தார். நான் பாதியில் நின்றுவிட்டேன். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனை அடுத்த மாதம். அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். அத்தா என்னிடமும் பேச விரும்பினார். சேர்க்கை நாளில் நான் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது நினைவில் இல்லையாம். நினைவிருந்தும் அப்படிச் சொன்னாரோ என்னவோ.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மாணவர் வாசலில் தயங்கி நின்றார்.

"ஹஜ்ரத், ஸனிய்யத்துல் வதா முடிந்துவிட்டது. ஹஃப்யாவுக்கு எப்போது?"

ரமலான் கழியட்டும் என்றேன்.