ஊர் அறியாத கல்லூரி

சென்ற மாதம் ஒரு மாலை, எம்மிடம் முன்னர் கற்ற மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் எமது வீட்டுக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சையிலே நன்கு சித்தியெய்தியவள். அமெரிக்காவிலிருந்து இரண்டு அனுமதிக் கடிதங்கள் அவளுக்குக் கிடைத்திருந்தன. ஒன்று முப்பதினாயிரம் பேர் பயிலும் சர்வகலாசாலையிலிருந்து வந்தது. மற்றையது ஆயிரத்தைந்நூறு பேர் மாத்திரம் பயிலும் ஒரு கல்லூரியின் கடிதம். தந்தையார் இரண்டாவதைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, "மாஸ்டர், இதிலை கொலிஜ் எண்டு கிடக்கு. பிள்ளை கொலிஜ் முடிச்சுத்தானே வந்தவள்? திரும்பவும் கொலிஜுக்கோ?" என்றார்.

அவர் கேட்டதிற் பிழையில்லை. எம் நாட்டிலே கல்லூரி என்றாற் பாடசாலையே நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ பட்டம் வழங்கும் தாபனங்களும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒருவகை 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள் எனப்படும். 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லைக் கண்டு மயங்கலாகாது. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அங்குப் பயில்வோர் பெரும்பாலும் முதற் பட்டத்துக்குப் படிப்போரே. ஆதலால், பட்டப்பின் மாணவரை உதவிக்கு அமர்த்தி வகுப்பு நடத்துவிக்கும் பெருஞ் சர்வகலாசாலை வழக்கம் அங்கே அரிது. பேராசிரியர் தாமே கற்பித்துத் தாமே விடைத்தாளும் திருத்துவர். மாணாக்கர் தமக்குரிய சிறப்புப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவளவிலே தெரிந்துகொண்டாற் போதும். மருத்துவமும் சட்டமும் இந்நான்காண்டுக்குப் பின்னரே வேறிடத்திற் கற்கப்படுவன. பொறியியல் மிகச் சிலவற்றில் உண்டு. பென்சில்வேனியாவிலுள்ள சுவாத்மோர் அவற்றுள் ஒன்று. விரைவில் வைத்தியராக வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு இவ்வழி ஏற்றதன்று என்பதே எமது எண்ணம்.

இவ்வகைக் கல்வி எமக்கு முற்றிலும் புதியதுமன்று. 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினறியைத் தொடங்கி நடத்திய டானியல் பூர் பாதிரியார், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். அச்செமினறியில் ஒரே மாணவன் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் தருக்கமும் ஒருங்கே பயின்றான். இதைச் சொன்னபோது தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டனார் வட்டுக்கோட்டையார்!

ஆனால் இக்கல்லூரிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேதான் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். பத்திரிகைகள் வெளியிடும் வரிசைப் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாகப் பெயர்களைக் குறித்துக்கொள்கின்றனர். பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கல்லூரிகளின் நடைமுறை எவ்வளவு மாறுபட்டிருக்கும் என்பதை அப்பட்டியல் சொல்லாது.

அனாபலிசிலும் சாந்தா பேயிலும் உள்ள சென். ஜோன்ஸ் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். (யாழ்ப்பாணத்துப் பரி. யோவான் கல்லூரிக்கும் அதற்கும் பெயரொற்றுமை அன்றி வேறு தொடர்பில்லை.) 1937 ஆம் ஆண்டு முதல் அங்கே சிறப்புப் பாடம் என்பதே கிடையாது. எல்லோரும் ஒரே பாடத்திட்டத்தைத் தொடர்வர். ஓமரையும் பிளேட்டோவையும் மூலநூல்களினூடாகக் கற்பர். கிரேக்க மொழியும் பயில்வர். யூக்கிளிட்டின் தேற்றங்களைக் கரும்பலகையில் தாமே நிறுவிக்காட்டுவர். மேசையைச் சுற்றி அமர்ந்து நூலைப்பற்றி உரையாடுவதே பாடம். ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தி, மாணாக்கர் குறிப்பெழுதிக்கொண்டு போகும் வழக்கம் அங்கில்லை. அமெர்ஸ்ட் கல்லூரியிலோ, முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றையும் சிறப்புப் பாடத்தையும் தவிர, கட்டாயப் பாடம் எதுவுமில்லை. கொலராடோ கல்லூரியில் ஒரு வேளையில் ஒரு பாடந்தான். மூன்றரை வாரத்தில் அதை முடித்து அடுத்ததற்குச் செல்வர். கென்டக்கியிலுள்ள பெரியா கல்லூரி 1892 தொடக்கம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணாக்கர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் பத்து மணித்தியாலமாவது கல்லூரியில் வேலை செய்தல் வேண்டும். வெளிநாட்டாருக்கு அங்கு இடங்கள் மிகச் சிலவே.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் எமக்கே ஒரு குற்றவுணர்வு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எமது மாணவன் ஒருவனுக்கு ஒரு சிறு கல்லூரியிலிருந்து புலமைப்பரிசிற் கடிதம் வந்தது. அதை நாமும் வாசித்தோம், மகிழ்ந்தோம், அவனை வழியனுப்பினோம். 'முதலாம் ஆண்டுக்கு' என்ற இரண்டு சொற்களை எமது கண் தாண்டிவிட்டது. தாயாரின் நகைகள் இரண்டாம் ஆண்டின் முதற் பாதிக்கே போதின. பையன் திரும்பி வந்துவிட்டான். கெட்டிக்காரன், இன்று வங்கியொன்றில் நல்ல நிலையில் இருக்கின்றான். வீதியில் எம்மைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி இறங்குவான். அவன் இறங்குந்தோறும் எமக்கு அந்தக் கடிதமே நினைவுக்கு வரும்.

ஆகையால் அம்மாணவியின் கடிதத்தை மூன்று முறை வாசித்தோம். உதவி நான்காண்டுக்கும் உரியதா, கட்டணம் உயருமிடத்து அதுவும் உயருமா, மருத்துவக் காப்புறுதியும் விடுமுறைக்கால விடுதிச் செலவும் அதில் அடங்குமா என்பவற்றைக் கேட்டெழுதச் சொன்னோம். மாணவ விசாவிற் செல்வோர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்ய இயலாது; 'வேலைசெய்து சமாளிப்பாள்' என்ற கணக்குப் பொருந்தாது.

இவையெல்லாம் கூட எமக்கு இரண்டாம்பட்சமே. அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறவாதவள். விடை தெரிந்தாலும் கை உயர்த்தமாட்டாள். நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருக்கும் டியூசன் கொட்டிலிலே அவளுடைய மௌனத்தை எவரும் கண்டுகொண்டதில்லை. எமது வகுப்பிலும் நாற்பது பேர். பன்னிருவர் அமரும் மேசையில் அப்படி மறைந்திருக்க முடியுமா? பெரிய சர்வகலாசாலையின் விரிவுரை மண்டபத்திலே அவள் நான்காண்டும் பேசாமலே பட்டம் பெற்று வந்துவிடலாம். தந்தையாருக்கு அதுவே பாதுகாப்பாகத் தோன்றியது. எமக்கோ அதுதான் அச்சம்.

"நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று கேட்டோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது, அக்கல்லூரிக்கு அனுப்ப எழுதிய மின்னஞ்சலை எம்மிடம் காட்டினாள். பணத்தைப் பற்றிய மூன்று கேள்விகளுக்குக் கீழே, நாம் சொல்லாத நான்காவது கேள்வி ஒன்றும் இருந்தது: வகுப்பிலே பேசப் பயப்படும் மாணவரை உங்கள் ஆசிரியர்கள் எவ்வாறு நடத்துவார்கள்?

தந்தையார் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.