பேயால் யாருக்கு லாபம்?

ஒரு சிறு பெண் துப்பறிகிற கதையைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். 1930-ம் வருஷம் முதல் அமெரிக்காவில் வெளிவந்த ‘நான்ஸி ட்ரூ’ கதைகளைக் குப்பையென்று தள்ளின பெரிய மனிதர்களின் யோக்கியதையையும், அவற்றை விற்றுப் பணம் சேர்த்தவர்களின் யோக்கியதையையும் சேர்த்தே பார்த்துவிடுவோம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் கதையைக் கேளுங்கள். அவ்வரிசையில் இரண்டாவதான ‘மறைந்த படிக்கட்டு’ என்பதில், வயதான சகோதரிகள் இருவர் ஒரு பழைய மாளிகையில் இருக்கிறார்கள். இரவில் சத்தம் கேட்கிறது. பண்டங்கள் காணாமற் போகின்றன. பேய் என்று நடுங்குகிறார்கள். நான்ஸிக்கு வயது 16. தாயில்லாப் பெண், தகப்பன் வக்கீல். தன் மோட்டாரைத் தானே ஓட்டிக்கொண்டு, தகப்பனின் கைத்துப்பாக்கியோடு அவ்வீட்டில் வந்து தங்குகிறாள். மந்திரவாதியைக் கூப்பிடவில்லை, ஜபம் செய்யவில்லை. சுவரைத் தட்டுகிறாள், தரையைத் தடவுகிறாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனாகிய நேதன் கோம்பெட் என்பவனின் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அங்கிருந்து ரகசியப் படிக்கட்டையும் சுரங்க வழியையும் கண்டுபிடித்துவிடுகிறாள். கோம்பெட் அம்மாளிகையை விலைக்குக் கேட்டவன். அவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பயந்து ஓடினால் மலிவாய்க் கிடைக்கும் என்பதே பேயின் சூட்சுமம்!

பேய்க்குக் கால் உண்டா, தலைமயிர் உண்டா என்று விசாரிப்பவன் விசாரித்துக்கொண்டே கிடப்பான். பேய் வந்த பிறகு வீட்டின் விலை எவ்வளவு இறங்கிற்று என்று கேட்பவனுக்குத்தான் பேய் அகப்படும். 16 வயதுப் பெண் இதைச் செய்ததாக எழுதியதை இன்னொரு 16 வயதுப் பெண் படித்தால், அவள் மூளை கெட்டா போகும்?

கெடும் என்றார்கள்! 1914-லேயே, அமெரிக்கச் சாரணர் சங்கத்தின் புத்தக அதிகாரியான பிராங்க்ளின் மாத்யூஸ் என்பவர், இப்படிப்பட்ட மலிவுக் கதைகள் பிள்ளைகளின் மூளையை வெடி வைத்துத் தகர்ப்பது போல் கெடுக்கின்றன என்று எழுதினார். நான்ஸி வந்த பிறகும் பல பொதுப் புத்தகசாலைகள் அவளை அலமாரியில் சேர்க்க மறுத்தன. நடை உயர்ந்ததல்ல என்றார்கள், ஒப்புக்கொள்கிறோம். நான்ஸி தவறே செய்யமாட்டாள், பணமுடையும் அறியமாட்டாள். தேசமெல்லாம் வேலையில்லாமல் தவித்த காலத்தில் இது கொஞ்சம் அதிகந்தான். ஆனால் நடை சரியில்லை என்று சொன்னவர்கள், அதைவிடப் பெரிய குற்றத்தைக் கண்டு கொதித்தார்களா?

அந்தக் குற்றம் என்னவென்றால், கோம்பெட்டின் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணை அக்கதை மிக இழிவாய் வர்ணிக்கிறது. 1959 முதல் கம்பெனியார் முதல் 34 புத்தகங்களைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள்? இழிவு செய்யப்பட்டவர்களுக்கு மதிப்பான இடம் கொடுத்தார்களா? பெரும்பாலும் கதையை விட்டே வெளியே தள்ளிவிட்டார்கள்! விருந்தில் ஒருவனை அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாக, இனி அவனை அழைப்பதில்லை என்று தீர்மானிப்பது போலிருக்கிறது இது. அதோடு நான்ஸியின் வயதை 18 ஆக்கி, அவளுடைய துடுக்கையும் அடக்கி, நல்ல பெண் ஆக்கிவிட்டார்கள்.

நிற்க. இக்கதைகளை எழுதியவர் பெயர் ‘கரோலின் கீன்’ என்று அட்டையில் இருக்கும். அப்படி ஒரு ஸ்திரீ பிறக்கவே இல்லை. நான்ஸியைக் கற்பனை செய்த எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர், முதல் புத்தகங்கள் வெளிவந்து இரண்டு வாரத்திற்குள், 1930 மே மாதத்தில் இறந்துபோனார். அவர் கொடுத்த சுருக்கத்தை வைத்துக் கதையை எழுதியவர் ஐயோவா மாகாணத்தில் பிறந்த 24 வயதுப் பெண் மில்ட்ரெட் வர்ட். கூலி புத்தகத்திற்கு 125 டாலர், அத்தோடு சரி. உரிமையும் இல்லை, பெயரும் இல்லை. பிறகு கூலியை 75 டாலராகக் குறைத்தார்கள். அம்மையார் மாட்டேன் என்று சொல்ல, மூன்று புத்தகங்களை வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார்கள். அப்படியும் முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவையே. ஸ்ட்ராட்டமையரின் மகள் ஹாரியட் ஆடம்ஸோ, எல்லாம் தாமே எழுதியதாகச் சொல்லிவந்தார். 1980-ல் பிரசுரக் கம்பெனிகள் நியூயார்க் கோர்ட்டில் தங்களுக்குள் சண்டை போட்டபோதுதான், மில்ட்ரெட் அம்மையார் சாட்சிக் கூண்டில் ஏறி உண்மை வெளியாயிற்று.

ஆக, பேயைப் பிடிக்கும் கதையை விற்றவர்களே அட்டையில் ஒரு பேயை உட்கார வைத்திருந்தார்கள். கோம்பெட்டின் பேய் வீட்டு விலையை இறக்கிற்று. கம்பெனியின் பேய் எழுத்தின் கூலியை இறக்கிற்று. அன்றியும், பெயரில்லாதவள் கூலி கேட்டால், போடி என்று வேறொருவரை உட்கார வைக்கலாமல்லவா? இந்த மோசடியைத் துப்பறிய எந்தப் புத்தகசாலை அதிகாரியும் புறப்படவில்லை.

மில்ட்ரெட் அம்மையார் 2002-ல் தமது 96-ம் வயதில் காலமானார். 1930-ல் வந்த புத்தகங்களின் உரிமை அமெரிக்கச் சட்டப்படி 95 வருஷம். 2026 தொடக்கத்தோடு தீருகிறது. அதன் பின் பழைய பிரதியை யாரும் அச்சிடலாம். அச்சிடுகிறவர்கள் கறுப்பினப் பெண்ணைப் பற்றிய வசவை ஒளிக்காமல், அது வசவுதான் என்று முன்னுரையில் எழுதட்டும். அட்டையில் இல்லாத கரோலின் கீனை எடுத்துவிட்டு, மில்ட்ரெட் வர்ட் என்று கொட்டை எழுத்தில் போடட்டும்.