பத்து கன்று நட்டா கணக்கு நேராயிடுமா?

"ஒரு மரத்தை வெட்டினா பத்து கன்று நட்டுட்டுப் போறாங்க, இதுக்கு எதுக்குய்யா இவ்ளோ சீன்?"

ஆபீஸ்ல என் பக்கத்து சீட் நண்பர் உதிர்த்த முத்து இது. இங்கிலாந்துக்கு ஆணி புடுங்க வந்த இடத்துல, ஒரு வாரக்கடைசியில சில்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் நடந்துட்டு வந்து நான் காட்டின போட்டோக்களைப் பார்த்துட்டு சொன்னார். பாதி பதில் சொல்றதுக்குள்ள மீட்டிங் வந்துடுச்சு. மீதி இங்கே.

நான் போனது ஏப்ரல் கடைசி. பீச் மரங்கள்ல அப்பத்தான் தளிர். கீழே தரையே தெரியல, முழுக்க புளூபெல். நீலமா, கத்தரிப்பூ நிறமான்னு கண்ணுக்கே சந்தேகம். ஈரமான பள்ளத்துல காட்டுப்பூண்டு, யாரோ ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போட்ட மாதிரி வாசனை. நடுநடுவே வெள்ளை வெள்ளையா வுட் அனிமோன்.

இந்தப் பூக்களோட டைமிங்கைப் பாருங்க. பனிக்காலத்துல மரம் மொட்டையா நிக்குது. மே மாசம் முடியறதுக்குள்ள இலை கூரை மாதிரி மூடிடும், அப்புறம் தரைக்கு வெயில் கிடையாது. அந்த இடைப்பட்ட சில வாரத்துக்குள்ள இலை விட்டு, பூத்து, விதை போட்டு, அடுத்த வருஷத்துக்கான சாப்பாட்டைக் கிழங்குல சேர்த்து வெச்சுட்டுப் படுத்துடணும். புளூபெல் விதை முளைச்சுப் பூக்கவே ஏறக்குறைய அஞ்சு வருஷம். வுட் அனிமோன் இன்னும் மோசம், நூறு வருஷத்துல ஆறடி பரவினா அதிகமாம். அப்ப ஒரு காடு முழுக்க அது பூத்திருந்தா, அந்தக் காட்டுக்கு என்ன வயசு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இங்கிலாந்துல 1600ஆம் வருஷத்துல இருந்து தொடர்ந்து காடாவே இருக்கற இடத்தைத்தான் தொன்மையான காடுன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி காடு நடற வழக்கம் அபூர்வம், அதனால அப்ப இருந்ததெல்லாம் பெரும்பாலும் தானா வந்த காடு. இன்னைக்கு பிரிட்டன் நிலப்பரப்புல அது வெறும் 2.5 சதவீதம்.

இந்தக் காட்டுத் துண்டுகளை வெட்டிக்கிட்டுத்தான் லண்டன்-பர்மிங்ஹாம் அதிவேக ரயில் பாதை, அதான் எச்எஸ்2, போகுது. ரயிலே வேணாம்னு நான் சொல்லல. விமானத்துக்கு ரயில் எவ்வளவோ தேவலை. என் கோபம் அந்தப் 'பத்து கன்று' சமாதானத்து மேலதான்.

வார்விக்‌ஷயர்ல கப்பிங்டன்ங்கற ஊர்ல ஒரு காட்டுப் பேரிக்காய் மரம். வயசு சுமார் 250. 2015ல இங்கிலாந்தோட 'இந்த ஆண்டின் மரம்'னு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வெச்சாங்க. 2020 அக்டோபர்ல இந்த ரயிலுக்காக வெட்டிட்டாங்க. கிளைத் துண்டுகள்ல இருந்து கன்று வளர்க்கறோம்னாங்க. வளரட்டும், சந்தோஷம். 250 வயசாகறப்ப கூப்பிடுங்க, வந்து பார்க்கறோம்.

அதைவிடப் பெரிய கூத்து 2018ல நடந்தது. அந்தக் கோடை வறட்சியில, ஈடா நட்ட கன்றுகள் ஆயிரக்கணக்குல காய்ஞ்சு போச்சு. ஏன் தண்ணி ஊத்தலைன்னு கேட்டதுக்கு வந்த பதில்: தண்ணி ஊத்தறதைவிட திரும்ப நடறது செலவு கம்மி! ஆக, கன்று அவங்களுக்கு உயிர் இல்ல, எக்செல் ஷீட்ல ஒரு செல். செத்தா இன்னொரு நம்பர் போட்டுக்கலாம்.

காட்டு மண்ணையே வாரிக்கிட்டுப் போய் வேற இடத்துல பரப்பறதும் உண்டு. விதையும் கிழங்கும் கூடவே போயிடுமாம். சிலது பிழைக்கலாம். ஆனா மண்ணுக்குள்ள வேரோட வேரா பின்னியிருக்கற பூஞ்சை வலையை எந்த லாரியில ஏத்துவீங்க?

ஓக் மரத்தை நம்பி 2,300 வகை உயிர்கள் பிரிட்டன்ல இருக்குன்னு ஆராய்ச்சியில பட்டியல் போட்டிருக்காங்க. அதுல 326 வகைக்கு ஓக்கை விட்டா வேற கதியே இல்ல. பட்டுப்போன கிளை, பொந்து, உளுத்த நடுமரம், இதெல்லாம்தான் வண்டுக்கும் வௌவாலுக்கும் வீடு. கட்டைவிரல் தடிமன் கன்றுல பொந்துக்கு எங்க போறது? இருபது வருஷ சீனியரை வீட்டுக்கு அனுப்பிட்டு பத்து ஃப்ரெஷரை எடுத்து, ஹெட்கவுண்ட் கூடிடுச்சுன்னு ஸ்லைடு போட்ட மேனேஜரை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். அந்த புராஜெக்ட் என்ன ஆச்சுன்னும் தெரியும் :-)

வெள்ளைக்காரன் ஊர்ல சட்டம் இருக்குமேன்னு கேட்பீங்க. இங்கயும் பழைய மரம்ங்கறதாலயே தானா பாதுகாப்பு கிடைச்சுடாது. உள்ளாட்சி தனியா உத்தரவு போடணும். 2025 ஏப்ரல்ல லண்டன் வடக்கே என்ஃபீல்டுல, ஐந்நூறு வயசு வரை இருக்கும்னு சொல்லப்பட்ட ஒரு ஓக்கை, பக்கத்து உணவகக்காரங்க ஆபத்துன்னு சொல்லி வெட்டித் தள்ளினாங்க. வெட்டினதுக்கு அப்புறம்தான் அவசர அவசரமா பாதுகாப்பு உத்தரவு.

நண்பரோட கணக்கு நம்ம ஊர்லயும் ஓடறதுதான். நாலுவழிச்சாலைன்னு ரெண்டு பக்கமும் நின்ன புளியமரங்களை எடுத்தோம். வருஷா வருஷம் புளி ஏலம் போன மரங்கள். பதிலுக்கு நடுவுல அரளிச்செடி வெச்சிருக்கோம். பஸ் ரிப்பேராகி வெயில்ல நிக்கறவன் அரளி நிழல்ல ஒதுங்கட்டும்!

இந்தப் 'பத்துக்கு ஒண்ணு' கட்சிக்காரங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். நட்ட அன்னைக்கு எடுத்த போட்டோ வேணாம். அஞ்சாவது வருஷம் அதே இடத்துக்குப் போய், எத்தனை உயிரோட நிக்குதுன்னு எண்ணின கணக்கு இருந்தா எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.