ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள்

மாருதி ஜென் தயாரிப்பு 2006இலும் எஸ்டீம் தயாரிப்பு 2007இலும் நின்றுபோயின. வண்டிகள் நிற்கவில்லை. பல கை மாறி, முதல் கார் வாங்கும் இளைஞர்களிடம் இன்று வந்து சேர்கின்றன. வாங்கிய கையோடு வண்டியைத் தாழ்த்திப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. அதற்கு அவர்கள் பிடிக்கும் மலிவான வழிதான் அச்சமூட்டுகிறது. பட்டறையில் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டிங் மெஷினில் ஒன்றிரண்டு சுற்றை அறுத்தெறிந்து, அதே பழைய ஷாக் அப்சார்பரோடு மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். கூலியைத் தவிரச் செலவில்லை. இந்த வேலை உடனே நிற்க வேண்டும்.

சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும். 8 சுற்றுகள் வேலை செய்த இடத்தில் 7 மட்டும் இருந்தால் விறைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். பழைய விறைப்புக்காகச் செய்யப்பட்ட, பல ஆண்டு ஓடித் தேய்ந்த ஷாக்கால் இதை அடக்க முடியாது. பள்ளத்தில் விழுந்த சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளுகிற அந்தக் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. அதிகம் அறுத்த வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் இன்னொன்றும் தெரியும்: தொங்கும் சக்கரத்தில் ஸ்பிரிங் தன் இருக்கையில் நிற்காமல் தளர்ந்து ஆடும். வேகமாக ஒரு மேட்டைத் தாண்டும்போது நடப்பதும் இதுதான். விலகிய ஸ்பிரிங் திரும்பச் சரியாக உட்காரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சிலர் அறுப்பதற்குப் பதிலாக கியாஸ் வெல்டிங் தீயில் ஸ்பிரிங்கைப் பழுக்கக் காய்ச்சி அமுக்குகிறார்கள். இது இன்னும் மோசம். காய்ச்சிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அது எப்போது மேலும் அமுங்கும், எப்போது முறியும் என்பது மாட்டியவருக்கே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத கேடுகளும் உண்டு. இந்த வண்டிகளின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அளவுக்கு மீறித் தாழ்த்தி, லோயர் ஆர்மின் உள்முனை பால் ஜாயிண்டை விடக் கீழே போய்விட்டால், திருப்பத்தில் வண்டி சாய்வது குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யலாம். தாழ்ந்தால் பிடிமானம் கூடும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போகிறது. சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ அளவு மாறி டயரின் உள்விளிம்பு தேயும். சுமைக்கேற்பப் பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், பின்பக்கம் தாழ்ந்திருப்பதை வால்வு சுமை என்று எடுத்துக்கொள்ளும். காலி வண்டிக்குத் தேவைக்கு மேல் அழுத்தம் போய், மழை ரோட்டில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டி சுழல இது போதும்.

கையில் இருப்பது குறைந்த பணம் என்றால், அது முதலில் போக வேண்டிய இடம் ஸ்பிரிங் அல்ல. புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட், பிறகு நான்கு புதிய ஷாக். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். வயதான ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கக்கூடும். அதற்குப் பிறகும் தாழ்த்தத்தான் வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதன் விறைப்புக்கு ஒத்த ஷாக்கும் சேர்ந்த செட், 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை, மாட்டியதும் வீல் அலைன்மெண்ட். அதற்கு மேல் இறக்கினால் அடிப்பாகம் தட்டும்: இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதியின்படி வேகத்தடையின் உயரமே 10 சென்டிமீட்டர். நம் ஊர்களில் பல தடைகள் அந்த விதியைப் பார்த்ததே இல்லை. சென்னை புதுப்பேட்டைச் சந்தையில் கிடைக்கும் பழைய கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய ஷாக்கை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள், உள்ளே எவ்வளவு உயிர் மிச்சம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

சட்டமும் வேடிக்கை பார்க்கவில்லை. தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஆகவே நல்ல செட் வாங்குபவரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

ஆனால் தடை மட்டும் போட்டால், ஆசை இருட்டுப் பட்டறைக்குத்தான் போகும். ஜெர்மனியில் தாழ்த்தும் ஸ்பிரிங் சோதனைச் சான்றோடு விற்பனைக்கு வருகிறது. தேவையான இடங்களில் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வண்டியின் ஆவணத்தில் அது பதியப்படுகிறது. நம்மிடம் புனேயில் வாகன ஆய்வு நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உலகத் தரச் சோதனை மையம் இருக்கிறது. பழைய மாடல்களுக்கான ஸ்பிரிங், ஷாக் செட்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வழியை மத்திய அரசு திறக்க வேண்டும். எஃப்.சி. புதுப்பிக்க வரும் பழைய கார்களில் ஸ்பிரிங் முனை அறுபட்டிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் குனிந்து பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை அறுக்கச் சொல்லி வருபவரைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு பட்டறைக்காரர்களுடையது; அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.