கண் வைத்தியருக்கும் புள்ளி போடுகிறார்கள்

புள்ளிகளோடு வளர்ந்த சமூகம் நாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி க.பொ.த. உயர்தரம் வரைக்கும் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் படித்தவர்கள். வெட்டுப்புள்ளி என்ற சொல்லைக் கேட்டால் எம்மில் பலருக்கு இன்றைக்கும் நெஞ்சு ஒரு கணம் இறுகும். ஓர் எண்ணை நம்புவதற்கு முன்னர் அதை யார் கணக்கிட்டார்கள், எதைக் கணக்கில் எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்க வேண்டும் என்பதை 1970களின் தரப்படுத்தல் எமக்குப் பட்டறிவாகவே கற்றுத் தந்தது. வந்த நாட்டிலும் அந்தப் பட்டறிவு உதவும். இம்முறை அதைக் கண் வைத்தியர்கள் விடயத்தில் பயன்படுத்திப் பார்ப்போம்.

குடும்ப வைத்தியர் தந்த கடிதத்தோடு அம்மாவையோ அப்பாவையோ பல்கலைக்கழக வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்கிறோம். அங்கே கண்ணைப் பார்ப்பவர் சில வேளை பேராசிரியராகவும் இருப்பார். வாரத்தில் சில நாட்கள் நோயாளர், மிகுதி நாட்கள் ஆராய்ச்சி. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கணினியில் தேடிவிட்டு, "அம்மம்மா, உங்கட டொக்டருக்கு எச் சுட்டெண் நாற்பதாம்!" என்று சொல்லும். நாற்பது என்றால் நல்லதா, கூடாதா? அந்த எண் அம்மம்மாவின் கண்ணைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் எழுதுபவர்கள் தமது கட்டுரையில் ஆதாரமாகக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். 2005ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோர்ஹே ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் இந்த மேற்கோள்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவை முறையே 50, 12, 6, 4, 1 தடவைகள் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது நான்கு தடவைகள் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. ஆகவே அவருடைய எச் சுட்டெண் 4. வாழ்நாளில் ஒரேயொரு கட்டுரை எழுதி, அது ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எண் 1தான்!

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அல்ல. பதவி உயர்வுக்கும் ஆராய்ச்சிப் பணத்துக்கும் ஆட்களைத் தெரிவு செய்யும்போது இத்தகைய எண்களைப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கண் வைத்தியர்களைப் பற்றிய ஆய்வுகளில், பதவி உயர உயர இந்த எண்ணும் உயர்வதாகவும், அரச ஆராய்ச்சிப் பணம் பெற்றவர்களுக்கு அது கூடுதலாக இருப்பதாகவும் கண்டிருக்கிறார்கள்.

மேற்கோளை எண்ணுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அல்பிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் இந்தோனேசியாவில் விற்றமின் ஏ குறைவால் சிறுவர்களுக்கு வரும் மாலைக்கண்ணை ஆராய்ந்தார். பார்வை போவது மாத்திரமல்ல, அந்தப் பிள்ளைகள் கூடுதலாக இறக்கவும் செய்கிறார்கள் என்று 1983இல் எழுதினார். பலர் நம்பவில்லை. நம்பாதவர்களும் நம்பியவர்களும் வெவ்வேறு நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில், திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சேர்ந்தவர்களும் அதில் பங்குபற்றினர். 15,419 சிறுவர்களைக் கொண்டு நடத்திய அந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாராவாரம் சிறிதளவு விற்றமின் ஏ கொடுத்த பிள்ளைகளிடையே இறப்பு 54 வீதம் குறைந்திருந்தது. ஒருவர் சொன்னதை மற்றொருவர் எடுத்து, சோதித்து, மேலே கொண்டு போவதுதான் மேற்கோளின் உண்மையான பெறுமதி.

ஆனால் எல்லாப் பயனும் இந்த வலையில் அகப்படாது. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட விமானிகளின் கண்ணுக்குள், விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் துண்டுகள் தீங்கு செய்யாமல் கிடப்பதை லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி அவதானித்தார். 1949 நவம்பர் 29இல் சென் தோமஸ் வைத்தியசாலையில், கண்புரை எடுத்த கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். அக்காலத்துப் பெரிய கண் வைத்தியர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். ஆரம்ப காலச் சிக்கல்களும் இருக்கத்தான் செய்தன. அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில், அவருடைய 93ஆவது வயதில். 1950களில் புள்ளி போட்டிருந்தால் அவர் தேறியிருப்பாரா? இன்று கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு பத்திரிகை வாசிக்கும் எமது முதியவர்கள் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மதுரையையே பாருங்கள். வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் வைத்தியசாலையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிய கைகளாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்தவர் அவர். 1992இல் அந்த நிறுவனத்தார் ஓரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, வெளிநாட்டில் இருந்து வந்த வில்லையைவிடப் பல மடங்கு மலிவாகத் தாமே செய்தார்கள். பார்வை திரும்பி வயலுக்குப் போன ஒரு தாய் எந்தச் சஞ்சிகையிலும் மேற்கோள் எழுதப் போவதில்லை.

எண்ணின் வேறு குறைகளும் உண்டு. அது வயதோடு ஏறும். ஆகவே இளையவரையும் ஓய்வு பெறப் போகிறவரையும் ஒப்பிட முடியாது. பிள்ளை பெற்று வளர்த்த ஆண்டுகளை அது கழித்துப் பார்க்காது. இருபது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் உழைத்தவர் யார், பெயர் கொடுத்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. பலர் ஆராயும் நோயில் மேற்கோள் மலிவு. சிலரே ஆராயும் நோயில் அரிது. ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் தேடினால் ஓர் எண், இன்னோரிடத்தில் தேடினால் வேறோர் எண்.

இதைத் துறை சார்ந்தவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். ஒரு கட்டுரையை அதே துறையின் மற்றக் கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடும் புதிய கணக்கொன்றை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தார் 2016இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் சஞ்சிகை ஆசிரியர்களும், சஞ்சிகையின் புகழை வைத்து ஆளை எடைபோட வேண்டாம், ஆய்வையே வாசித்துப் பாருங்கள் என்று பிரகடனம் செய்தனர். 2015இல் வந்த லெய்டன் அறிக்கையும், எண் துணைக்கு இருக்கலாம், தீர்ப்பை மனிதரே சொல்ல வேண்டும் என்றது.

சரி, புதிதாக வந்து குடியேறிய எமக்கு இதில் என்ன?

முதலாவது, வைத்தியரைத் தெரிவு செய்வது. எச் சுட்டெண் கை நேர்த்தியைச் சொல்லாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எமக்குத் தெரியாததா? சத்திரசிகிச்சைக்கு முன்னர், இதை வருடத்தில் எத்தனை செய்கிறீர்கள், எந்தச் சிக்கல்கள் வரலாம், என் கண்ணைச் செய்யப் போவது நீங்களா, பயிற்சி பெறுபவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்த வேண்டாம்.

இரண்டாவது, ஆராய்ச்சியில் பங்குபற்றும்படி எம்மைக் கேட்பது. தெற்காசியர்களிடையே சீனி வருத்தம் அதிகம். அது விழித்திரையைத் தாக்கும்போது ஆரம்பத்தில் நோவும் இல்லை, மங்கலும் இல்லை. எம்மவர் ஆய்வுகளில் இல்லாவிட்டால் எமது கண்கள் எவருடைய கணக்கிலும் வராது. விளங்கும் மொழியில் விளக்கம் கேளுங்கள். விரும்பினால் சேருங்கள். மறுத்தாலும் உங்கள் வைத்தியம் குறையக் கூடாது என்பது ஆராய்ச்சியின் அடிப்படை ஒழுங்கு.

மூன்றாவது, எமது பிள்ளைகள். பார்வை விஞ்ஞானம் படிக்கும் மகளிடம் "இன்னும் முடியேல்லையா? ஒரு கட்டுரையும் வரேல்லையா?" என்று கேட்பதைச் சற்று நிறுத்துவோம். கேட்பதானால், யாருடைய கண்ணுக்காக ஆராய்கிறாய் என்று கேட்போம். சிலரே கவனிக்கும் நோயொன்றை அவள் எடுத்திருந்தால் புள்ளி மெதுவாகத்தான் ஏறும். அந்தக் காலத்தில் அவளுக்கு வீட்டில் ஒரு பிடிமானம் தேவை.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர் கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினார்? ஒரு வருடம் கடந்திருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும், இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் நாள் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.